வாலில்லாப் பெயர்: தமிழ்ப் பெயருக்குப் பால் உண்டா?

கேள்வி

என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் வளைகாப்பு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது பேச்சு குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் வந்து நின்றது. கணவன் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் இரண்டு வரிசை எழுதி வைத்திருந்தான். இடப்பக்கம் ஆணுக்கு, வலப்பக்கம் பெண்ணுக்கு. கருவிலிருப்பது எதுவென்று ஸ்கேன் பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், முன்கூட்டியே பெயர் தேடும் இந்தியப் பெற்றோர் இப்படி இரட்டைப் பட்டியலோடுதான் காத்திருக்கிறார்கள். அவள் அந்தத் தாளை வாங்கி இரண்டு வரிசையையும் அடித்துவிட்டு நடுவில் ஒரே பெயரை எழுதினாள்: எழில். "எது பொறந்தாலும் இதுதான் அத்தை" என்றாள். மாமியாருக்குப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டார்: "பேரக் கேக்குறவங்களுக்கு ஆணா பொண்ணான்னு எப்படிம்மா தெரியும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பால் தெரிந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழில் எப்போதும் இருந்ததா? ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் பெயரை இங்கே பாற்பொதுப் பெயர் என்று குறிக்கிறேன். அதைப் பற்றி இன்று இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. இது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஒட்டாது என்பது ஒன்று. நம் பழைய பெயர்களெல்லாம் ஆண், பெண் என்ற இரண்டு அறைகளுக்குள் அடைபட்டவை, புதுப்பெயர்கள்தான் கதவைத் திறக்கின்றன என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவை இரண்டும் ஓர் இடத்தில் கைகோக்கின்றன. மரபு பாலைப் பிரித்தே பெயர் வைத்தது என்று இரண்டுமே நம்புகின்றன. சான்றுகள் அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

இலக்கணத்தின் சாட்சி

தமிழ் வாக்கியத்தில் பாலை அறிவிக்கும் வேலை வினைமுற்றுக்கு உரியது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐம்பாலும் விகுதியில் வந்து விழுந்துவிடும். எழுவாயாக நிற்கும் பெயர் அந்தச் சுமையை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. தொல்காப்பியர் இதை அறிந்தே இலக்கணம் செய்திருக்கிறார். பெயரியலில் இயற்பெயரைப் பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர், பன்மை இயற்பெயர், ஒருமை இயற்பெயர் என்று நான்காக வகுக்கிறார். உரையாசிரியர்கள் முறையே சாத்தி, சாத்தன், யானை, கோதை என்று எடுத்துக்காட்டுவார்கள். சாத்தனும் சாத்தியும் பாலை நெற்றியில் எழுதிக்கொண்ட பெயர்கள். கோதை அப்படியில்லை. அதன் பின்னால் ஆண்பால் வினையும் வரலாம், பெண்பால் வினையும் வரலாம், ஒரு பசுவுக்கோ கிளிக்கோ இட்ட பெயரானால் ஒன்றன்பால் வினையும் வரலாம்.

இது உரைகாரர்கள் வகைப்பாட்டுக்காகப் புனைந்த எடுத்துக்காட்டு என்று ஒதுக்க முடியாது. கோதை உண்மையிலேயே ஆண்கள் பெயராக இருந்தது, அதுவும் அரசர்கள் பெயராக. சேரர் வெள்ளிக்காசுகளில் தலை உருவத்தோடு மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புறநானூற்றில், மனைவி இறந்தபின் தான் இன்னும் உயிரோடிருப்பதை நொந்து பாடிய அரசன் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. பல நூற்றாண்டு கழித்து வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த பெண்ணுக்கும் அதே பெயர். இன்று தமிழ்நாட்டில் ஆண் குழந்தைக்குக் கோதை என்று யாரும் பெயர் வைப்பதாகத் தெரியவில்லை. மாலை என்றும் கூந்தல் என்றும் பொருள்படும் ஒரு சொல் அரசனிடமிருந்து கிளம்பி ஆண்டாளிடம் வந்து சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. இந்த ஒருவழிப் பயணத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு மறுப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெயரியலில் இலக்கணிகளின் கவலை முதன்மையாகத் திணை பற்றியது. மக்களுக்கும் விலங்குக்கும் ஒரே பெயர் வழங்கினால் வாக்கியம் எப்படி முடியும் என்பதே அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கல். பால் பொதுமை அந்த விவாதத்தின் கிளைதான். ஆகவே தொல்காப்பியர் பாலின விடுதலை பேசினார் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பெயர் பாலைச் சொல்லாமல் இருப்பதை அவர் குறையாகக் கருதவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

இன்னொரு செய்தி அதைவிடச் சுவையானது. உயர்திணைக்கு உரியவையானாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைக் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வரிசைப்படுத்தும்போது அதில் மகவும் குழவியும் இடம்பெறுகின்றன. இன்றும் நாம் "குழந்தை அழுகிறது", "பாப்பா தூங்குது" என்றுதான் சொல்கிறோம். தமிழ் வாக்கியத்தில் குழந்தை முதலில் 'அது'வாகத்தான் இருக்கிறது. அவனாகவும் அவளாகவும் ஆவதற்கு அதற்குக் கொஞ்ச காலம் கொடுக்கிறோம்.

ஆர் விகுதியின் திரை

வினைமுற்றுதான் பாலைச் சொல்லும் என்றேன். அதிலும் ஒரு விலக்கு உண்டு. மதித்துப் பேசத் தொடங்கினால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும். "எழில் வந்தார்" என்ற வாக்கியத்தில் எழில் ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது. தமிழில் மரியாதை பாலை அழிக்கிறது.

இதன் விளைவைச் சங்க இலக்கிய ஆய்வில் காணலாம். தொகைநூல்களில் பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அறிஞர்களிடம் ஒத்த விடை இல்லை. முப்பதை ஒட்டிச் சொல்பவர்களும் உண்டு, நாற்பதைத் தாண்டிச் சொல்பவர்களும் உண்டு. காரணம் பெயர்களே. ஒக்கூர் மாசாத்தியார் என்பதில் சாத்தி இருப்பதால் சிக்கலில்லை. வெண்ணிக் குயத்தியாரிலும் அப்படித்தான். ஆனால் பொன்முடியாரை என்ன செய்வது? ஒருவர் பாட்டிலுள்ள குரலை வைத்துப் பெண் என்பார். புலவர் வேறு, பாட்டில் பேசும் மாந்தர் வேறு என்று மற்றவர் மறுப்பார். பாட்டில் பெண் பேசுவதனால் பாடியவர் பெண்ணாக வேண்டுமென்றால், தலைவி கூற்று எழுதிய கபிலரை எங்கே வைப்பது?

இதைவிடக் கடினமானவை தொடரால் பெயர்பெற்றோர் பெயர்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், கங்குல் வெள்ளத்தார். பாடியவரின் பெயர் தொலைந்துபோனதால் பாட்டிலுள்ள ஒரு சொற்றொடரையே பெயராக்கிவிட்டார்கள். 'யாருக்கும் இல்லாத பெயர்' வேண்டுமென்று அலையும் இன்றைய பெற்றோர் பார்க்க வேண்டிய பட்டியல் இது. அணில் விளையாடும் முற்றம் ஒருவருக்குப் பெயராயிற்று. அவர் ஆணா பெண்ணா என்பது ஈராயிரம் ஆண்டாக யாருக்கும் தெரியாது. அதனால் அந்தக் குறுந்தொகைப் பாட்டில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இசக்கியும் சிதம்பரமும்

ஏட்டை விட்டு ஊருக்கு வருவோம். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் இசக்கி என்பது உக்கிரமான பெண்தெய்வம். கையில் குழந்தையோடு நிற்பவள். அந்தப் பக்கத்தில் மீசை வைத்த ஆண்கள் பலருக்குப் பெயர் இசக்கி. இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி என்று வால் சேர்த்தும் வைப்பார்கள், சேர்க்காமலும் வைப்பார்கள். உச்சிமாகாளி என்று ஆணுக்குப் பெயர் உண்டு. பேச்சி, காளி, மாரி எல்லாம் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். திரைப்பட இயக்குநர் மாரி செல்வராஜின் பெயரை யாரும் வியந்து பார்ப்பதில்லை. புறநானூற்றில் மாரிவெண்கோ என்று ஒரு சேரமானே இருக்கிறான். அங்கே மாரி மழையைக் குறித்ததா தெய்வத்தைக் குறித்ததா என்பது வேறு வழக்கு.

எதிர்த்திசையில் பார்த்தால் நிலைமை மாறுகிறது. பெண்ணுக்கு ஆண்தெய்வத்தின் பெயர் வரும்போது பெரும்பாலும் அம்மாளோ ஆயியோ ஒட்டிக்கொள்கிறது: பழனியம்மாள், கந்தம்மாள், முருகாயி, ராமாயி. ஆண் பெண்தெய்வத்தின் பெயரை அப்படியே ஏற்கிறான். பெண்ணோ வால் சேர்த்த பிறகுதான் ஆண்தெய்வத்தின் பெயரை ஏற்க முடிகிறது. பெண்ணின் பெயரை ஆணுக்கு வைத்தால் கேலி செய்வார்கள் என்ற பொதுப் புத்திக்கு இது நேர்மாறாக இருக்கிறது. இதற்கு விளக்கம் நேர்த்திக்கடனில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குலதெய்வத்தின் பெயரை முதல் குழந்தைக்கு இடுவதாக வேண்டிக்கொண்டால் பிறப்பது எதுவாயினும் கடனைத் தீர்த்தாக வேண்டும். அந்த இடத்தில் பெயர் தெய்வத்தைச் சுட்டுகிறது, குழந்தையின் பாலைச் சுட்டுவதற்கு அதற்கு நேரமில்லை. இதைப் பால் சமத்துவம் என்று சொல்ல மாட்டேன். சாமிக்குப் பயந்த இடத்தில் ஊர் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவே.

அம் ஈற்றுப் பெயர்களின் கதை இதற்கு இன்னொரு பக்கம். செல்வம், மாணிக்கம், மரகதம், கனகம், சிதம்பரம், அருணாசலம், கமலம், பவளம். இலக்கணப்படி இவை அத்தனையும் அஃறிணைப் பெயர்கள், ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஆனால் வழக்கு அவற்றைக் கூறுபோட்டிருக்கிறது. தலங்கள் ஆண்களுக்குப் போயின. சிதம்பரமும் அருணாசலமும் பெண்ணுக்கு வருவது அரிது. பூக்கள் பெண்களுக்கு வந்தன. கமலம், பங்கஜம் என்று ஆணைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. மணிகளையும் பொன்னையும் பங்கிட்ட விதம்தான் வேடிக்கை. மாணிக்கம் அவனுக்கு, மரகதமும் பவளமும் அவளுக்கு, ரத்தினமும் முத்தும் இருவருக்கும். இதற்கு எந்த இலக்கண விதியும் கிடையாது. மக்கள் பேசிப் பழகிப் போட்ட கோடுகள் இவை. அவர்கள் போட்டதை அவர்களே அழிக்கவும் முடியும்.

இரண்டு வால்கள்

தமிழ்நாட்டுப் பெயர் வரலாற்றில் வால் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. இந்தியாவின் பிற பகுதிகளில் இன்றும் கடைசிப் பெயராகத் தொடரும் சாதி, இங்கே அழைப்பிதழிலிருந்தும் பெயர்ப்பலகையிலிருந்தும் பெருமளவு நீங்கியது. நீக்கினால் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுச் சமாளித்துக்கொண்டோம்.

அதற்குச் சற்று முன் 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னாளில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறினார்கள். பெயர் மாற்றத்தை அரசியலாக்கிய இந்த அலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது பாலை என்ன செய்தது என்பது அதிகம் பேசப்படவில்லை. என் கணிப்பில், சாதி வாலை வெட்டிய கை பால் வாலை இன்னும் நீளமாக்கியது. செழியன், அழகன், வேந்தன், செல்வன், வாணன் ஒரு பக்கம். செல்வி, அரசி, மங்கை, மொழி இன்னொரு பக்கம். பழனி, மாரி, முத்து என்று குழைந்து கிடந்த இடத்தில் அரசனும் அரசியும் எதிரெதிரே நின்றார்கள். வீரமும் ஆட்சியும் ஆண் பெயருக்குள் போயின, இனிமையும் சொல்லும் பெண் பெயருக்குள் போயின.

ஆனாலும் அந்த இயக்கம் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்ல காரியம் செய்தது. வாலுக்கு முன்னால் வைத்த அடிச்சொற்கள் எல்லாம் பால் அற்றவை: தமிழ், அருள், அன்பு, மதி, எழில், முகில், கயல், யாழ். தமிழ்ச்செல்வன் என்ற அண்ணனும் தமிழ்ச்செல்வி என்ற தங்கையும் அடுத்தடுத்த தெருவில் இருந்தால் அவரவர் வீட்டில் இருவருமே "தமிழு". பள்ளிப் பதிவேட்டில்தான் வால். வாசலில் நின்று கூப்பிடும்போது அது இருந்ததே இல்லை. இன்றைய பெற்றோர் எழில், யாழ், முகில் என்று வைக்கும்போது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுப் பெயரைப் பதிவேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

மொழி என்ற வாலுக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி ஒதுக்கலாம். முதலாம் ராசராசனின் இயற்பெயர் அருள்மொழி. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் இயற்பெயரும் அருண்மொழித்தேவர் என்று மரபு சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கனிமொழி, தேன்மொழி என்று பெண் பெயர்கள் பெருகப் பெருக அருள்மொழியும் அந்த வரிசைக்கு இழுபட்டது. வழக்கறிஞரும் திராவிடர் கழகப் பேச்சாளருமான அருள்மொழியை மேடையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது பெண்ணின் பெயர். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது இளவரசனின் பெயர். சோழ அரசன் பெயர் பெண்ணுக்குப் போனதில் அரசனுக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் மகனுக்கு அந்தப் பெயரை வைக்க ஒரு தகப்பன் இன்று தயங்குவான். கோதைக்கு நேர்ந்ததும் இதுதான்.

பிற நாடுகள்: பால் எங்கே ஒளிந்துகொள்கிறது

இந்த ஒருவழிப் பயணத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தவர் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன். அவரும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை 1916 முதல் 1989 வரையிலான இல்லினாய் மாநிலப் பெயர்ப் பதிவுகளை ஆராய்கிறது. இருபாலருக்கும் வழங்கும் பெயர்கள் அங்கே நிலைத்து நிற்பதில்லை, ஒரு பெயர் பெண்களிடம் பரவத் தொடங்கினால் ஆண் குழந்தையின் பெற்றோர் அதைக் கைவிடுகிறார்கள் என்பது அவர்கள் காட்டிய போக்கு. 1936இல் வந்த 'கான் வித் த விண்ட்' நாவலில் ஆஷ்லி ஓர் ஆண். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அது அமெரிக்கப் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இட்ட பெயர்களில் ஒன்றாகிவிட்டது. இந்த விளக்கம் கோதைக்கும் அருள்மொழிக்கும் பொருந்துகிறது. இசக்கிக்குப் பொருந்தவில்லை. பெண்மையின் சாயல் பட்டதும் ஆண்கள் விலகுவது இயற்கை விதி என்று யாராவது சொன்னால் நான் தென்காசிக்கு ஒரு பேருந்துச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன்.

ஜெர்மனியில் இந்த விவாதம் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. அதற்குக் காரணம் ஓர் இந்தியப் பெயர். இந்திய வேர் கொண்ட ஒரு குடும்பம் மகளுக்குக் கிரண் என்று பெயரிட்டது. பெயரிலிருந்து பால் தெரியவில்லை, ஐயமில்லாத பெண் பெயர் ஒன்றையும் சேர்த்து வையுங்கள் என்றார் பதிவாளர். பெற்றோர் விடவில்லை. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது: பெயர் பாலைக் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; குழந்தையின் நலனுக்குக் கேடு வருமானால் மட்டுமே பெற்றோரின் உரிமையில் அரசு தலையிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2016 முதல் 2021 வரை அவர்கள் துணைநிலை ஆளுநரின் பெயர் கிரண் பேடி.

ஐசுலாந்தின் நிலை தமிழோடு ஒப்பிடத் தக்கது. அந்த மொழியில் பெயர்ச்சொல்லே பால் உடையது, வேற்றுமை உருபும் பாலுக்கு ஏற்ப மாறும். பிலைர் என்ற சொல்லுக்கு இளங்காற்று என்று பொருள், இலக்கணப்படி அது ஆண்பால். மகளுக்கு அதைச் சூட்டிய தாய்க்கு, பெயர்களை ஏற்கும் அரசுக் குழு அனுமதி மறுத்தது. பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் அந்தப் பிள்ளை 'சிறுமி' என்ற பொதுச்சொல்லோடு பதினைந்து வயது வரை வளர்ந்தாள். நோபல் பரிசு பெற்ற ஹால்தோர் லாக்ஸ்னஸின் 1957ஆம் ஆண்டு நாவலில் அந்தப் பெயருடைய பெண் உண்டு என்பது அவள் தரப்பு வாதங்களில் ஒன்று. 2013 ஜனவரியில் ரெய்க்யாவிக் நீதிமன்றம் அவள் பெயரை அவளுக்குக் கொடுத்தது. 2019இல் வந்த சட்டம் பெயர்களில் ஆண், பெண் என்ற தடுப்பையே எடுத்துவிட்டது. இலக்கணம் குறுக்கே நின்ற நாட்டில் இதற்குச் சட்டம் தேவைப்பட்டது. தமிழில் இலக்கணம் குறுக்கே நிற்கவே இல்லை.

சீக்கியரிடம் குர்பிரீத், ஹர்பிரீத், மன்பிரீத் எல்லாம் இருபாலருக்கும் உரியவை. பாலைச் சிங்கும் கவுரும் சொல்லிவிடும். மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கம் நிற்கும். மகன், மகள் என்று பொருள். பெயர் மௌனமாக இருந்தாலும் ஒட்டு பேசிவிடுகிறது. இவற்றை ஒருசேரப் பார்த்தால், சமூகங்கள் பாலைப் பெயரிலிருந்து எடுத்தாலும் பெயரின் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது தெரிகிறது. தமிழ் அதை வினையில் வைத்திருந்தது. கடவுச்சீட்டிலும் வேலை விண்ணப்பத்திலும் வினைமுற்று இல்லை, பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. மாமியாரின் கவலை பிறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதி வெளிநாடு போன பெண்கள் அங்கே தந்தை பெயராலேயே அழைக்கப்பட்டு, மின்னஞ்சலில் ஆணாகவும் ஆகிவிடும் வேடிக்கை தனிக்கதை.

யாருக்கும் இல்லாத பெயர்

அரிய பெயர் வேண்டும் என்ற ஆசையைப் பாற்பொதுப் பெயரோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சரி. பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ, பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பேத்தி பெயர்த்தி. உறவுச் சொல்லே இப்படி அமைந்திருக்கும் மொழியில், பெயர் என்பது ஏற்கெனவே ஒருவருக்கு இருந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் நெறி. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாத மருமகள் பிள்ளையை ராசா, கண்ணு, தங்கம் என்று கூப்பிட்டாள். அவையெல்லாம் பெண் பிள்ளைக்கும் செல்லும்.

பழைய காலத்திலும் விநோதப் பெயர்கள் இருந்தன. ஆனால் காரணம் வேறு. பிள்ளைகள் தங்காமல் இறந்த வீட்டில் அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்றார்கள். பிச்சை என்றார்கள். எமன் கண்ணுக்கு மதிப்பற்றதாகத் தோன்ற வேண்டும் என்ற தவிப்பு அது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்ணுக்கு மட்டும் உரிய விநோதமும் உண்டு: போதும்பொண்ணு, வேண்டாம். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று இந்தக் குழந்தையின் தலையில் எழுதிய விண்ணப்பம். போதும்பையன் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. மராத்தியில் இதே பொருள்பட நகுஷா என்று பெயரிடப்பட்ட 285 சிறுமிகளுக்கு 2011இல் சதாரா மாவட்டத்தில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். தமிழ்நாட்டில் திருத்தணிப் பக்கம் வேண்டாம் என்ற பெயரோடு படித்து வேலைக்குப் போன பெண்கள் உண்டு.

இன்றைய விநோதம் வேறு வழியில் வருகிறது. நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என்று 27 நட்சத்திரங்களுக்கு 108 எழுத்துகள். அந்த அட்டவணை வடமொழி நெடுங்கணக்கை வைத்துப் போட்டது. அத்தத்தின் மூன்றாம் பாதத்துக்கு ண, திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ங. தமிழில் ணகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதை மொழிமுதல் எழுத்து படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அட்டவணைக்குக் கீழ்ப்படிய வேண்டும், பக்கத்து வீட்டில் இல்லாததாகவும் இருக்க வேண்டும், எண்கணிதக் கூட்டலுக்காக ஆங்கில எழுத்து ஒன்றை இரட்டிக்கவும் வேண்டும். இத்தனை வடிகட்டியிலும் தப்பி வருவதற்குப் பொருள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

பால் விஷயத்தில் இந்தப் புதுப்பெயர்கள் பழையனவற்றைவிடக் கறாரானவை. ஷ் என்று முடிந்தால் பையன், ஷா என்றால் பெண். வ் என்றால் பையன், வி என்றால் பெண். பேருந்து நிலையப் புத்தகக் கடையில் விற்கும் பெயர்க் கையேடுகளின் முன்பாதி ஆணுக்கு, பின்பாதி பெண்ணுக்கு. நடுவில் பொதுப் பகுதி வைத்த கையேடு என் கண்ணில் படவில்லை. அரிய பெயர் தேடுபவர்கள் தனித்துவம் கிடைத்ததாக நினைக்கிறார்கள். கிடைப்பது அதே இரண்டு அறைகள், வெள்ளை மட்டும் புதிதாக அடித்தது. முத்து என்ற சாதாரணப் பெயரில் இருக்கும் காற்றோட்டம் அவற்றில் இல்லை.

படிவம்

பாற்பொதுப் பெயரால் சங்கடமே வராது என்று நான் வாதிடவில்லை. விடுதி அறை ஒதுக்கீட்டிலும் ரயில் பெட்டியிலும் குழப்பம் வரும். மறுபக்கம், பிறப்பில் எழுதிய பாலோடு பின்னாளில் உடன்பட முடியாதவர்களுக்கு அரசிதழ் வரை அலையாமல் தன் பெயரிலேயே இருந்துகொள்ள அது வழிவிடும். எல்லாக் குழந்தைக்கும் எழில் என்றோ யாழ் என்றோதான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சாத்தனும் சாத்தியும் தொல்காப்பியத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் பெயரைக் கேட்டால் பால் தெரிய வேண்டும் என்ற வாதத்துக்குத் தமிழ் இலக்கணத்திலும் ஆதாரமில்லை, ஊர் வழக்கிலும் ஆதாரமில்லை. அலுவலகத்திலாவது இருக்கிறதா என்று பார்த்தால் அங்கும் இல்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் பாலுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதை வெற்றாக விட முடியாது. பெயருக்கான கட்டத்தை விடலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதன்பின் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரையிலும் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது.